சொல்லாமல் விட்டால் @சிஸ்டம்: டி மொழியின் இயல்புநிலை

வரம்புமீறி | 4 மார்ச் 2025, இரவு 9:12

டி மொழியில ஃபங்ஷன் தலைப்புல எதுவும் போடலைன்னா அது @சிஸ்டம் கணக்கு, அதாவது நினைவகத் தப்பைக் கம்பைலர் தடுக்காது. பாயிண்டரை (நினைவக முகவரியை) கூட்டலாம் கழிக்கலாம், இன்ட்டை பாயிண்டரா மாத்தலாம், ஒரே யூனியனுக்குள்ள பாயிண்டரையும் எண்ணையும் ஒண்ணுமேல ஒண்ணு வைக்கலாம். கேக்க ஆளில்லை. @சேஃப்னு கையால எழுதினாத்தான் கம்பைலர் கண்ணைத் திறக்கும்.

2001-ல வெளிவந்த மொழி. குப்பை சேகரிப்பான் உண்டு, அரேயோட நீளம் அரே கூடவே வருது, வேரியபிள் எல்லாம் தானா மதிப்போட பொறக்குது. இவ்வளவும் வச்சுக்கிட்டு இயல்புநிலையை மட்டும் ஏன் திருப்பிப் போட மாட்டேங்கறாங்க? கம்பைலர்ல ஒரு வரி மாத்தம். சோம்பேறித்தனம்னுதான் எனக்குத் தோணுது.

சுட்டிப்பையன் | 4 மார்ச், 9:40

மாத்தப் பாத்தாங்களே. டிஐபி 1028 (டிஐபின்னா டி மொழியை மாத்தறதுக்கான முன்மொழிவு), இயல்புநிலையை @சேஃப் ஆக்கறதுக்கு. எழுதினவர் மொழியைப் படைச்ச வால்டர் பிரைட். 2020 மே மாசம் ஏத்துக்கிட்டதா அறிவிச்சாங்க, அதே மாசத்துக்குள்ள அவரே திரும்ப எடுத்துக்கிட்டார். எதிர்த்தவங்க யாரும் @சேஃப் வேணாம்னு சொன்ன ஆளுங்க இல்லை. @சேஃப் மேல ரொம்ப அக்கறை இருந்தவங்கதான் முதல்ல எதிர்த்தாங்க.

காரணம் உடம்பு இல்லாத ஃபங்ஷன். சி லைப்ரரியைக் கூப்பிட டி-யில வெறும் அறிவிப்பு மட்டும் எழுதுவோம்: எக்ஸ்டர்ன்(சி), பேரு ஃப்ரீ (நினைவகத்தை விடுவிக்கற சி ஃபங்ஷன்), வாங்கறது வாய்ட் பாயிண்டர், அரைப்புள்ளி, முடிஞ்சது. உள்ள என்ன நடக்குதுன்னு டி கம்பைலருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. அந்த முன்மொழிவுப்படி இந்த அறிவிப்பும் தானா @சேஃப் ஆயிடும். அப்போ @சேஃப் மெயின்ல இருந்தே ஒரு பாயிண்டரை ரெண்டு தடவை ஃப்ரீ பண்ணலாம். இன்ட் பாயிண்டர் வாய்ட் பாயிண்டரா தானா மாறும், அதுக்கு @சேஃப்ல தடை கிடையாது. எச்சரிக்கை, பிழை எதுவும் வராது. யாரும் தொடாத பழைய பைண்டிங் ஃபைல் (சி அறிவிப்புகள் இருக்கற ஃபைல்) எல்லாம் ஒரே ராத்திரியில அர்த்தம் மாறிப்போகும்.

அதனால ஒரு வரி மாத்தம்தான், எந்த வரிங்கறதுதான் சண்டையே.

வரம்புமீறி | 4 மார்ச், 9:58

சரி, உடம்பு இருந்தா @சேஃப், இல்லேன்னா @சிஸ்டம்னு வச்சிருக்கலாமே? அதுக்கு என்ன தடை?

சுட்டிப்பையன் | 4 மார்ச், 10:15

எதிர்த்தவங்க கேட்டதும் அதையேதான். வால்டரோட பதில் இப்படி: அறிவிப்பை @சிஸ்டம்னு வச்சா, அதைக் கூப்பிடற @சேஃப் கோடு முழுக்க பிழை அடிக்கும். நம்மாளு என்ன பண்ணுவான்? மேனுவலைப் பிரிச்சு ஒவ்வொரு சி ஃபங்ஷனையும் படிப்பானா? ஃபைல் தலையில "@ட்ரஸ்டட்:"னு ஒரே ஒரு வரி (நான் சரிபார்த்தேன், கம்பைலர் நம்பலாம்னு அர்த்தம்) போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவான். அப்புறம் பாக்கறவனுக்கு யாரோ சரிபார்த்து வச்சமாதிரி தெரியும். அதைவிட ஒண்ணும் எழுதாம இருக்கறதே நேர்மைன்னார்.

மனுஷ சுபாவத்தைப் பத்தி அவர் சொன்னது தப்பில்லை. ஆனா முடிவு தப்பு. ஒருத்தன் சோம்பேறித்தனமா @ட்ரஸ்டட்னு போட்டாலும் அந்த வார்த்தை ஃபைல்ல நிக்குது. க்ரெப் போட்டுத் தேடினா மாட்டும், யார் எப்போ போட்டாங்கன்னு கிட் வரலாற்றுல தெரியும். கம்பைலரே மௌனமா @சேஃப்னு எடுத்துக்கிட்டா தேடறதுக்கு எழுத்தே இல்லை. வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி.

லிங்கர்மாமா | 5 மார்ச், காலை 7:05

உடம்பில்லாத எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. எக்ஸ்டர்ன்(டி), அதாவது டி-யிலயே எழுதின ஃபங்ஷனோட அறிவிப்புக்கு லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கற ப்ரோக்ராம்) காவல் இருக்கு.

டி ஃபங்ஷனோட சிம்பல் பேருக்குள்ளயே பண்புகள் போகும். @சேஃப்னா 'என்எஃப்', @ட்ரஸ்டட்னா 'என்இ'. ஹெடர் ஃபைல்ல @சேஃப்னு அறிவிச்சு, உண்மையான ஃபங்ஷன் @சிஸ்டமா கம்பைல் ஆகியிருந்தா ரெண்டு சிம்பல் பேரும் பொருந்தாது, சிம்பல் கிடைக்கலைன்னு லிங்க் நிக்கும். பொய் சொன்னா மாட்டிக்குவீங்க.

சி சிம்பல்ல பேரு மட்டும்தான். பாராமீட்டர் வகைகூட கிடையாது. ஃப்ரீ-ங்கற அறிவிப்புல டபுள் வாங்குதுன்னு எழுதினாலும் லிங்க் ஆகும். ஆகவே சரியான கோடு "உடம்பு இருக்கா இல்லையா" இல்லை. பொய் சொன்னா பிடிக்க யாராவது இருக்காங்களா, அதுதான் கோடு.

நாலாவது_பைட் | 5 மார்ச், காலை 10:30

இயல்புநிலை @சிஸ்டமாக இருப்பதில் இன்னொரு விளைவு இருக்கிறது. மேலே யாரும் அதைத் தொடவில்லை. நடைமுறையில் அதுதான் அதிகம் கடிக்கும்.

-ரிலீஸ் போட்டுக் கம்பைல் செய்தால் டிஎம்டி (டி-யின் கம்பைலர்) அசர்ட்டையும் கான்ட்ராக்டுகளையும் (ஓடும்போது நிபந்தனையைச் சோதிக்கும் வரிகள்) எடுத்துவிடும். அரே எல்லைச் சோதனையை @சேஃப் ஃபங்ஷன்களில் மட்டும் விட்டுவைக்கும். @சிஸ்டம், @ட்ரஸ்டட் இரண்டிலும் நீக்கிவிடும். எதுவும் எழுதாத ஃபங்ஷன் @சிஸ்டம் என்பதால், குறி போடாத உங்கள் கோடு முழுவதும் வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது எல்லைச் சோதனை இல்லாமல் போகிறது. டெவலப்பர் மெஷினில் ரேஞ்ச்எரர் என்று கத்திய அதே பிழை அங்கே வாயைத் திறக்காது.

டப் (டி-யின் பில்ட் கருவி) பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதன் 'ரிலீஸ்' பில்ட் வகைக்குள் இந்த -ரிலீஸ் அடங்கியிருக்கிறது. வேகத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பவருக்கு எல்லைச் சோதனையும் சேர்ந்து போவது தெரிவதில்லை. 'ரிலீஸ்-நோபவுண்ட்ஸ்' இன்னும் மோசம்; அது @சேஃப் கோடிலும் சோதனையை நீக்கும். அதைப் போட்ட பிறகு @சேஃப் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

டெம்ப்ளேட், ஆட்டோ திரும்பும் ஃபங்ஷன், லாம்டா, உள்ளே எழுதும் ஃபங்ஷன் ஆகியவற்றுக்குக் கம்பைலரே பண்பைக் கணித்துக்கொள்ளும். அவை @சேஃப் என்று தேறினால் சோதனை தங்கும். ஆக ஒரே ஃபைலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஃபங்ஷன்களில் டெம்ப்ளேட்டுக்குக் காவல் இருக்கும், சாதாரண ஃபங்ஷனுக்கு இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வரம்புமீறி | 5 மார்ச், பகல் 1:20

சோதனை இல்லேன்னா என்ன, செக்மென்டேஷன் ஃபால்ட் அடிச்சு விழும். விழுந்தா தெரிஞ்சிடும்ல?

நாலாவது_பைட் | 5 மார்ச், பகல் 2:45

விழாது. கணக்கைப் பாருங்கள்.

ஐந்து இன்ட் கொண்ட அரேயை நியூ போட்டு எடுக்கிறீர்கள். 20 பைட். டி ரன்டைம் சின்ன பிளாக்குகளில் (256 பைட் வரை) கடைசி ஒரு பைட்டைத் தன் கணக்குக்கு வைத்துக்கொள்ளும்: இந்த பிளாக்கில் எத்தனை பைட் பயன்பாட்டில் இருக்கிறது என்று. 21 பைட் தேவை. 16 போதாது, ஆகவே 32 பைட் பிளாக் கிடைக்கும். அரே 0 முதல் 19 வரை. 31-வது பைட்டில் 20 என்ற எண் உட்கார்ந்திருக்கும்.

இப்போது எல்லைச் சோதனை இல்லாத கோடு குறியீட்டெண் 7-ஐப் படிக்கிறது. 28 முதல் 31 வரையிலான நான்கு பைட். பிளாக்குக்குள்தான் இருக்கிறது, ஃபால்ட் வர வாய்ப்பே இல்லை. எக்ஸ்86-ல் கடைசி பைட்தான் மேல்பைட். மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் கிடைக்கும் விடை 20 × 1,67,77,216 = 33,55,44,320. லாகில் இந்த எண் வந்தால் சென்சார் கெட்டுப்போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எழுதினால் இன்னும் விசேஷம். அதே இடத்தில் 13,42,17,728 எழுதினால் 31-வது பைட் 8 ஆகிறது. இந்த பிளாக்கில் 8 பைட்தான் பயன்பாட்டில் இருக்கிறது என்று ரன்டைம் நம்பிவிடும். வேறெங்கோ இதே அரேயின் முதல் இரண்டு உறுப்புகளை ஸ்லைஸாக (அரேயின் ஒரு பகுதியை மட்டும் காட்டுவது) வைத்திருப்பவர் அதில் ஒன்றைச் சேர்க்கிறார். ஸ்லைஸ் முடியும் இடமும் கணக்குப் பைட்டும் ஒத்துப்போவதால் புது பிளாக் எடுக்காமல் அங்கேயே நீட்டிவிடும். மூல அரேயின் மூன்றாவது உறுப்பு அழிந்தது. அழித்த வரி முற்றிலும் ஒழுங்கான @சேஃப் கோடு. தவறு செய்த வரி வேறு மாட்யூலில் இருக்கிறது.

சுட்டிப்பையன் | 5 மார்ச், 3:02

33,55,44,320-ஐ மனப்பாடம் பண்ணி வச்சுக்கறேன். பேங்க் பேலன்ஸ்ல வந்தா சந்தோஷம்.

வரம்புமீறி | 5 மார்ச், 3:30

சரி, ஒத்துக்கறேன், இது வேற ரகம். ஆனா எல்லைச் சோதனையை ஆன்ல வச்சா வேகம் போயிடும்னு சொல்வாங்களே?

லிங்கர்மாமா | 5 மார்ச், இரவு 8:10

சொல்றவங்களை அளந்து காட்டச் சொல்லுங்க. கூகுள் தன் சர்வர் சி++ கோட்ல லிப்சி++ ஹார்டனிங் (சி++ நூலகத்துக்குள்ளயே எல்லைச் சோதனை) போட்டு, சராசரி செலவு 0.30 சதவீதம்னு 2024 நவம்பர்ல எழுதினாங்க. அது வேற மொழி, வேற கோடு. அந்த எண்ணை டி-க்கு அப்படியே தூக்கிட்டு வர முடியாது. ஆனா எல்எல்விஎம் அடியில இருக்கற எல்டிசி-ங்கற டி கம்பைலருக்கும் அதே மாதிரி தேவையில்லாத சோதனையைத் தூக்கற வசதி இருக்கு.

செய்ய வேண்டியது: "-ரிலீஸ் -பவுண்ட்ஸ்செக்=ஆன்". ரெண்டையும் சேர்த்துப் போட்டா எல்லைச் சோதனை எல்லா இடத்துலயும் தங்கும். டப்-ல இருந்தா டப்.ஜேசன்ல 'பில்ட்டைப்ஸ்' கீழ 'ரிலீஸ்'-ஐ நீங்களே திரும்ப எழுதி 'ஆப்டிமைஸ்', 'இன்லைன்' ரெண்டு மட்டும் வைங்க. 'ரிலீஸ்மோட்' வேணாம். அசர்ட்டும் மிஞ்சும்.

அப்புறமும் ஒரு லூப் கொதிக்குதுன்னா: குறியீட்டெண்ணை விட்டுட்டு ஃபோர்ஈச்சுக்கு மாறுங்க, அதுல சோதிக்கவே ஒண்ணுமில்லை. முடியலையா, லூப்புக்கு முன்னாடி ஒரே ஸ்லைஸ் எடுங்க, சோதனை ஒரு தடவை. உள்ள ஸ்லைஸோட நீளம் வரைக்கும்தான் ஓடுதுன்னு ஆப்டிமைசருக்குப் புரிஞ்சா மீதி எல்லாம் போயிடும். அதுவும் பத்தலைன்னா அந்த ஒரு ஃபங்ஷனை @ட்ரஸ்டட் ஆக்கி, அரேயோட பாயிண்டரை எடுத்து அதுல குறியீடு போடுங்க. பாயிண்டர் குறியீட்டுக்குச் சோதனை கிடையாது. பத்து வரி. மொத்த ப்ரோக்ராமையும் அவுத்து விட வேண்டியதில்லை.

நாலாவது_பைட் | 6 மார்ச், காலை 9:15

@ட்ரஸ்டட் என்று மாமா சொன்ன இடத்தில் ஒரு பொறி. பலர் அந்த ஃபங்ஷனின் முதல் வரியில் அசர்ட் போட்டு நீளத்தைச் சரிபார்த்துவிட்டு, சோதித்தாயிற்று என்று நம்பி பாயிண்டருக்குப் போவார்கள். -ரிலீஸில் அந்த அசர்ட் இருக்காது. அதோடு, தோற்கக்கூடிய அசர்ட் என்றால் அந்த பில்டில் நடத்தையே வரையறையற்றது. இன்-கான்ட்ராக்டுக்கும் இதே கதிதான்.

நினைவகத்தைக் காக்கும் சோதனை எந்த பில்டிலும் நிற்க வேண்டும். இரண்டு வழி: என்ஃபோர்ஸ் (எக்ஸெப்ஷன் எறியும்), அல்லது இஃப் போட்டு உள்ளே அசர்ட்(0). அசர்ட்(0) மட்டும் விதிவிலக்கு. -ரிலீஸிலும் தங்கும், ஹால்ட் கட்டளையாக மாறி ப்ராசஸை அங்கேயே நிறுத்தும்.

சுட்டிப்பையன் | 6 மார்ச், 10:05

@ட்ரஸ்டட் எழுதறதுதான் உண்மையான கஷ்டம்னு காட்ட ஒரு சின்ன உதாரணம். போசிக்ஸ் ரீட்-ஐ (ஃபைல், நெட்வொர்க்ல இருந்து பைட் படிக்கறது) மூடி ஒரு ஃபங்ஷன்: எஃப்டி (திறந்த ஃபைலோட எண்) ஒண்ணு, பஃபர் ஒண்ணு வாங்கி, பஃபரோட பாயிண்டரையும் நீளத்தையும் உள்ள தள்ளுது. நீளம் அரேயில இருந்தே வர்றதால வழியாது. பாக்க சுத்தமா இருக்கு.

பஃபரோட வகையை வாய்ட்[]னு வச்சா ஓட்டை. யூபைட்[]னு வச்சா ஓட்டை இல்லை. ஏன்னு சொல்லுங்க பாப்போம்.

வரம்புமீறி | 6 மார்ச், 10:40

வாய்ட்[]-னா எந்த அரேயும் உள்ள போகும், அதானே வசதி?

சுட்டிப்பையன் | 6 மார்ச், 10:52

அந்த வசதிதான் ஓட்டை. இன்ட் பாயிண்டர்களோட அரேயும் வாய்ட்[]-ஆ தானா மாறும், @சேஃப்ல தாராளமா. இப்போ நெட்வொர்க்ல இருந்து வந்த பைட் நேரா பாயிண்டரா உக்காந்துடும். எதிராளி 8 பைட் அனுப்பினா உங்க ப்ராசஸ்ல அவனுக்குப் பிடிச்ச முகவரிக்கு ஒரு பாயிண்டர் ரெடி. அதை @சேஃப் கோடு சந்தேகமே இல்லாம டீரெஃபரன்ஸ் பண்ணும்.

யூபைட்[]-னா பாயிண்டர் அரே தானா மாறாது. எதிர்ப்பக்கம், ரைட்-ஐ மூடும்போது கான்ஸ்ட்(வாய்ட்)[] வாங்கலாம், அங்க படிக்க மட்டும்தான் செய்யறோம்.

@ட்ரஸ்டட்க்கு விதி ஒண்ணுதான்: @சேஃப் கோடு எந்த மதிப்பைக் குடுத்தாலும் நினைவகம் கெடக் கூடாது. "நம்ம ஆளு அப்படிக் குடுக்க மாட்டான்" செல்லாது. அதனாலதான் @சேஃப் ஃபங்ஷனுக்கு நடுவுல சின்ன @ட்ரஸ்டட் லாம்டா சொருகற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. பாயிண்டரை வெளிய கூட இருக்கற எண் வரைக்கும் ஸ்லைஸ் எடுக்கற லாம்டான்னா, அந்த எண் சரியா இருக்கறது சுத்தி இருக்கற 'பாதுகாப்பான' கோடு கையில. ரிவ்யூ பண்றவன் லாம்டாவை மட்டும் படிச்சுட்டு ஓகே சொல்லிடுவான்.

லிங்கர்மாமா | 6 மார்ச், 11:30

லினக்ஸ்ல ப்ராக்/செல்ஃப்/மெம்-ஐ (ப்ராசஸோட நினைவகமே ஃபைலா தெரியற இடம்) திறந்து, ஆஃப்செட்டுக்கு ஸீக் பண்ணி எழுதுங்க. எல்லாமே @சேஃப் ஃபைல் ஃபங்ஷன்தான். உங்க நினைவகம் உங்க கையாலயே காலி.

சுட்டிப்பையன் | 6 மார்ச், 11:34

மாமா, அதுக்கு ரஸ்ட் மொழிக்காரங்களும் கையை விரிச்சுட்டாங்க. ஆபரேட்டிங் சிஸ்டம் வழியா சுத்தி வந்து அடிச்சா மொழி பொறுப்பில்லைன்னு.

நாலாவது_பைட் | 6 மார்ச், மாலை 6:20

ரஸ்ட் என்றதும் ஒப்பிட வேண்டியது இது. அங்கே எக்ஸ்டர்ன் பிளாக்கில் அறிவித்த ஃபங்ஷனைக் கூப்பிட எப்போதுமே அன்சேஃப் தேவை. ஆனால் பிளாக் எழுதுபவர் எதற்கும் பொறுப்பேற்பதாக எழுத வேண்டியதில்லாமல் இருந்தது. 1.82 பதிப்பில் (2024 அக்டோபர்) 'அன்சேஃப் எக்ஸ்டர்ன்' வந்தது, 1.85-உடன் 2025 பிப்ரவரியில் வந்த 2024 எடிஷனில் அது கட்டாயம். இந்த அறிவிப்புகள் சரி என்பதற்கு நான் பொறுப்பு என்று எழுதினால்தான் பிளாக்கே ஏற்கப்படும். அதற்குள் ஸ்கொயர்ரூட் போன்றவற்றை மட்டும் 'சேஃப்' என்று தனியாகக் குறிக்கலாம். அதன்பின் கூப்பிடுபவருக்கு அன்சேஃப் வேண்டாம்.

டி-யிலும் இதே வேலை கையால் நடந்திருக்கிறது. ரன்டைமில் சி கணித ஃபங்ஷன்களின் மாட்யூல் பெரும்பாலும் எண்களை மட்டுமே வாங்குவதால் @ட்ரஸ்டட். சி சரங்களின் மாட்யூல் @சிஸ்டம். எஸ்டிஆர்லென்-ஐ (சரத்தின் நீளத்தை எண்ணுவது) யாரும் @ட்ரஸ்டட் ஆக்க முடியாது. கடைசியில் பூஜ்ய பைட் இருக்கிறதா என்று வகை சொல்லாது.

லிங்கர்மாமா | 6 மார்ச், இரவு 9:00

எண்ணை மட்டும் வாங்கினா பாதுகாப்புன்னு அவசரப்பட வேணாம். சிடைப் (எழுத்து எந்த வகைன்னு பாக்கற) மாட்யூலும் அதே காரணத்துக்காக @ட்ரஸ்டட்தான்: "முழு எண்களை மட்டும் கையாளுது". ஆனா இஸ்ஆல்ஃபா-வுக்கு (எழுத்தான்னு கேக்கறது) சி தரநிலை குடுக்கற அனுமதி அன்சைன்ட் சார்ல அடங்கற மதிப்பு, இல்லேன்னா ஈஓஎஃப் (ஃபைல் முடிவுக் குறி). அதைத் தாண்டினா வரையறையற்றது. ஜிலிப்சி (லினக்ஸோட சி நூலகம்) அதை ஒரு அட்டவணையில குறியீடு போட்டுத்தான் பாக்குது. ஒரு லட்சத்தைக் குடுத்தா அட்டவணைக்கு வெளிய படிக்கும்.

பாயிண்டர் கண்ணுக்குத் தெரியாட்டியும் உள்ள அரே இருக்கலாம். நல்ல எண்ணத்தோட, காரணமும் எழுதி வச்சுக் கையால போட்ட முத்திரையே இப்படி. தானா விழற முத்திரையைப் பத்தி சொல்லவா வேணும்.

வரம்புமீறி | 7 மார்ச், காலை 8:45

அப்போ இப்ப இருக்கற டி-யில, இயல்புநிலை மாறாமலே, ஒரு நடுத்தர ப்ராஜெக்ட்டை @சேஃப்க்கு எப்படிக் கொண்டு போறது? வரிசையா சொல்லுங்க, கவிதை வேணாம்.

சுட்டிப்பையன் | 7 மார்ச், 9:30

முதல்ல சி பைண்டிங் எல்லாத்தையும் தனி மாட்யூலுக்குத் தள்ளி, தலையில "@சிஸ்டம்:"னு எழுதுங்க. இப்போ இயல்புநிலையும் அதுதான், ஆனாலும் எழுதுங்க. நாளைக்கு இயல்புநிலை மாறினாலும் அந்த ஃபைல் அசையாது.

மத்த மாட்யூல் ஒவ்வொண்ணா "@சேஃப்:". இந்த முக்காற்புள்ளி வடிவம் கீழ இருக்கற ஸ்ட்ரக்ட், கிளாஸுக்குள்ளயும் இறங்கும். நோத்ரோ, ப்யூர், நோஜிசி எல்லாம் அப்படி இறங்காது, அந்தக் குழப்பத்துல சிக்காதீங்க. இலையில இருந்து ஆரம்பிங்க, அதாவது வேற நம்ம மாட்யூலை இம்போர்ட் பண்ணாத மாட்யூல். மேல இருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும் பிழை.

வர்ற பிழைகள்ல பெரும்பாலானது சில்லறை. அரேயோட .பிடிஆர் எடுக்கக் கூடாதும்பான். பூஜ்யாவது உறுப்போட முகவரியை எடுங்க, காலி அரேன்னா ரேஞ்ச்எரர் வரும், வரட்டும். __ஜிஷேர்ட் வேரியபிள் தொடக் கூடாது. எரர் வகையைக் கேட்ச் பண்ணக் கூடாது. பாயிண்டர் உள்ள வகைக்கு "= வாய்ட்" கூடாது, வெறும் எண் பஃபருக்கு ஆகும்.

உண்மையான தலைவலி ரெண்டு. ஒண்ணு டெலிகேட் (மதிப்பா கைமாறற ஃபங்ஷன்). பாராமீட்டர் வகையில வெறும் "வாய்ட் டெலிகேட்()"னு எழுதியிருந்தா அதுவும் @சிஸ்டம். @சேஃப் ஃபங்ஷன் அதைக் கூப்பிட முடியாது. வகையிலயே @சேஃப் சேருங்க, இல்லேன்னா டெம்ப்ளேட் ஆக்கிக் கம்பைலரைக் கணிக்க விடுங்க. ரெண்டு, டிஸ்ட்ரக்டர் (வேரியபிள் சாகும்போது தானா ஓடற ஃபங்ஷன்). ஸ்ட்ரக்ட்டோட டிஸ்ட்ரக்டர் @சிஸ்டமா இருந்தா அந்த ஸ்ட்ரக்ட்டை @சேஃப் ஃபங்ஷன்ல லோக்கலா வச்சிக்கவே முடியாது. பிழைச் செய்தி டிஸ்ட்ரக்டரைக் கூப்பிட முடியாதுன்னு சொல்லும்; நீங்க எங்கயும் கூப்பிட்டிருக்க மாட்டீங்க, அதான் முழிப்பீங்க.

நாலாவது_பைட் | 7 மார்ச், பகல் 12:10

அதில் டிஐபி 1000 (ஸ்டாக் நினைவகத்தின் முகவரி வெளியே தப்பாமல் பார்க்கும் விதிகள்) விட்டுப்போயிற்று. -ப்ரிவியூ=டிஐபி1000 இல்லாமல் @சேஃப் பாதிதான்.

ஸ்டாக்கில் நான்கு இன்ட் கொண்ட நிலையான அரே. அதன் ஸ்லைஸை நேரடியாக ரிட்டர்ன் செய்தால் எந்த நிலையிலும் பிழை வரும். இடையில் ஒரு வேரியபிளில் வாங்கி ரிட்டர்ன் செய்யும்போதுதான் இந்த ஸ்விட்ச் தேவைப்படுகிறது: அந்த வேரியபிளை ஸ்கோப் என்று கணித்து, வெளியே விட முடியாது என்று நிறுத்தும்.

மால்லாக்கில் எடுத்த நினைவகத்தை வைத்திருக்கும் கன்டெய்னர் எழுதினால், ஸ்லைஸ் தரும் மெத்தடுக்கு 'ரிட்டர்ன் ஸ்கோப்' போடுங்கள். கன்டெய்னர் செத்த பிறகு ஸ்லைஸ் உயிரோடிருப்பதை அது தடுக்கும். தடுக்காதது ஒன்று உண்டு: ஸ்லைஸ் கையில் இருக்கும்போதே கன்டெய்னரில் இன்னொரு உறுப்பைச் சேர்த்து, உள்ளே ரீஅலாக் நடந்தால் ஸ்லைஸ் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே ஸ்கோப்பில் வாழ்வதால் டிஐபி 1000-க்குப் புகார் இல்லை. ரஸ்டின் பாரோ செக்கர் இதைப் பிடிக்கும். டி-யில் அந்த மெத்தடை @ட்ரஸ்டட் ஆக்காமல் @சிஸ்டமாகவே விடுவதுதான் நேர்மை. அல்லது நினைவகத்தைக் குப்பை சேகரிப்பானிடமே கொடுத்துவிடுங்கள், பிரச்சினையே எழாது.

இன்னொன்று: அந்த ஸ்விட்சை லைப்ரரியில் போட்டு ஆப்பில் விட்டால், கணிக்கப்பட்ட பண்புகள் சிம்பல் பெயரில் வேறுபட்டு லிங்க் நிற்கலாம். டப் ப்ராஜெக்ட்டில் 'டிஃப்ளாக்ஸ்' ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம்.

வரம்புமீறி | 7 மார்ச், இரவு 10:05

ஸிக் மொழிப் பக்கம் போனா இதெல்லாம் இல்லையே? நாலு பில்ட் மோட், எது வேணுமோ எடுத்துக்கோன்னு.

லிங்கர்மாமா | 7 மார்ச், 10:20

நாலுல ரிலீஸ்ஃபாஸ்ட், ரிலீஸ்ஸ்மால் ரெண்டும் சோதனையைத் தூக்கிடும். ரிலீஸ்சேஃப்ல இருக்கும். விடுவிச்ச நினைவகத்தைத் தொடறதை மொழி எந்த மோட்லயும் கம்பைல் நேரத்துல தடுக்காது. பேருலயே 'சேஃப்', 'ஃபாஸ்ட்'னு எழுதியிருக்கறது ஒரு நல்லது: என்னத்தை விட்டுக்குடுக்கறோம்னு தெரிஞ்சே எடுக்கறோம். டி-யோட -ரிலீஸ்ல அந்த விவரம் பேருல இல்லை. எனக்குக் கேட்டா ஃபங்ஷன் இயல்புநிலையை மாத்தறதுக்கு முன்னாடி -ரிலீஸோட அர்த்தத்தை மாத்தியிருக்கணும். எந்த பழைய கோடும் கம்பைல் ஆகாம நிக்காது, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

சுட்டிப்பையன் | 7 மார்ச், 10:41

"கொஞ்சம் மெதுவாகும்"னு சொன்னா பெஞ்ச்மார்க்காரங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க மாமா. ஆனா ஓட்டு உங்களுக்குத்தான்.

வரம்புமீறி | 8 மார்ச், காலை 11:15

இலை மாட்யூல் எல்லாம் மாத்தியாச்சு. இன்டர்ஃபேஸ்ல இடிக்குது. கிளாஸ்ல மெத்தட் @சேஃப், இன்டர்ஃபேஸ் வழியா கூப்பிட்டா மட்டும் @சிஸ்டம்ங்கறான். டுஸ்ட்ரிங்லயும் அதே கதை.

லிங்கர்மாமா | 8 மார்ச், 11:50

அழைப்பு எந்த வகை வழியா போகுதோ அந்த வகையோட அறிவிப்பைத்தான் கம்பைலர் பாக்கும். இன்டர்ஃபேஸ்ல குறி இல்லை, அதனால @சிஸ்டம். கீழ இருக்கற கிளாஸ் எவ்வளவு யோக்கியமா இருந்தாலும் கணக்கில்லை.

இன்டர்ஃபேஸ்ல @சேஃப் போடுங்க. அதை ஓவர்ரைட் பண்ற, குறியே இல்லாத மெத்தட் எல்லாம் தானா @சேஃப் ஆயிடும். பிழை இருந்தா அந்த மெத்தடோட உடம்புக்குள்ள காட்டும், அங்கதான் வேணும். கிளாஸ் ஒவ்வொண்ணுலயும் போய் எழுத வேண்டியதில்லை. டுஸ்ட்ரிங், எல்லா கிளாஸுக்கும் தாயான ஆப்ஜெக்ட்ல இருந்து வருது, அது ரன்டைம் சொத்து, குறி இல்லாம இருக்கு, உங்களால மாத்த முடியாது. உங்க கிளாஸ்ல @சேஃப் போட்டு ஓவர்ரைட் பண்ணிட்டு, வேரியபிளோட வகையை ஆப்ஜெக்ட்னு வைக்காம உங்க கிளாஸ் பேராலயே வச்சுக் கூப்பிடுங்க.